கடைமடை வீட்டிற்கு நீர் வந்ததா?
பொதுச் சேவைகளின் தரத்தை ஊரார் அளக்கும் முறை

ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் ஊராட்சிகளிலிருந்து ஒன்றிய அலுவலகத்திற்கு அறிக்கைகள் வந்து சேருகின்றன. இத்தனை மீட்டர் குழாய் பதிக்கப்பட்டது, இத்தனை வீடுகளுக்கு இணைப்பு வழங்கப்பட்டது, இத்தனை தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன என்று அவை தெரிவிக்கின்றன. இவ்வெண்ணிக்கைகள் தேவையே, செலவான பணத்திற்குக் கணக்கு வேண்டுமல்லவா? ஆயினும், அக்குழாயில் நேற்றுத் தண்ணீர் வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது, தெருவின் கடைசியில் குடியிருக்கும் கூலித் தொழிலாளியின் வீட்டில் எத்தனை குடம் நிரம்பியது என்னும் விவரங்களை அவ்வறிக்கைகளில் காண இயலாது. இவற்றை ஊராரே அளந்து அறியும் முறையைக் குறித்துச் சில கூற விரும்புகிறோம். எல்லாச் சேவைகளையும் ஒரு கட்டுரையில் அடக்குவது இயலாதாதலின், ஒவ்வொரு வீட்டையும் நாள்தோறும் தொடும் குடிநீரையே முதன்மையாக எடுத்துக் கொள்வோம்.

பொதுக் காரியத்தில் ஈடுபட்டவர் கணக்குக் காட்டவேண்டும் என்பது நம் நாட்டிற்குப் புதிய விதியன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளைப் பலரும் அறிவர். குடவோலை முறையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம், அக்கல்வெட்டுகள் கூறும் மற்றொரு விதியைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என அவை விதிக்கின்றன. ஏரி வாரியத்திற்கும் இவ்விதி உண்டு.

சுதந்திர இந்தியாவில் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதே மாதத்திலேயே திட்டக் குழுவின் கீழ் திட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றும் அமைக்கப்பட்டது. வேலை தொடங்கும்போதே அதை அளக்க ஏற்பாடு செய்த முன்னோரின் எண்ணம் பாராட்டத்தக்கது. அந்நிறுவனம் 2015-இல் நிதி ஆயோக்கின் மதிப்பீட்டு அலுவலகத்துடன் இணைந்துவிட்டது. இடையில் 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு தனது அறிக்கையை அளித்தது. கிராம அபிவிருத்தியில் மக்களின் பங்கு போதவில்லையென்று கண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றடுக்கு அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்கவேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது. நமது ராஜ்யத்தில் 1958-இல் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்து, 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. வாக்காளர் அனைவரும் கூடும் கிராம சபைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஆகவே, மேலிருந்து அதிகாரி வந்து மதிப்பிடும் முறையோடு, கீழிருந்து ஊரார் மதிப்பிடும் முறைக்கும் இன்று வழி உண்டு. இரண்டாவது முறையே இன்னும் போதுமான அளவு பயன்படாமல் இருக்கிறது.

அளப்பதற்கு முதலில் அளவுகோல் வேண்டும். குடிநீரைப் பொறுத்தவரை அது தெளிவாகவே வகுக்கப்பட்டுள்ளது. 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின்படி, கிராமத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 55 லிட்டர் நீர், வீட்டுக் குழாயில், உரிய தரத்துடன், முறை தவறாமல் கிடைக்கவேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு 220 லிட்டர் ஆகிறது. நம் பெண்டிர் இடுப்பில் சுமக்கும் பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும் எனக் கொண்டால், சற்றேறக்குறைய 15 குடம். இந்த ஓர் எண்ணை ஊராட்சி அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக் கொள்ளவேண்டும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 250 வீடுகளும் 1,000 மக்களும் உள்ள ஒரு குக்கிராமத்தில் 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் இருமுறை நிரப்பி விடுகின்றனர். மொத்தம் 60,000 லிட்டர். ஆளுக்கு 60 லிட்டர். விதித்த அளவிற்கு 5 லிட்டர் அதிகமாகவே வழங்கப்படுவதாக அறிக்கை எழுதிவிடலாம். அவ்வறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால், ஒரு வாளியையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் வேறு காட்சி தென்படலாம். தொட்டிக்கு அருகிலுள்ள முதல் தெருவில் 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்புகிறது. குழாயைத் திறந்தே வைத்தால் ஒரு மணி நேரத்தில் 900 லிட்டர். ஊரின் கடைசித் தெருவில் அதே வாளி நிரம்ப ஐந்து நிமிடம் ஆகிறது. அதுவும் நீர் அங்கு வந்து சேர 20 நிமிடம் தாமதம். எஞ்சிய 40 நிமிடத்தில் கிடைப்பது 80 லிட்டர். நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20 லிட்டர். ஆக, ஒரே ஊரில், ஒரே தொட்டியின் கீழ், ஒரு வீட்டார் முற்றத்திற்குத் தெளிக்கும் நீர் மற்றொரு வீட்டாருக்குக் குடிக்கவும் குளிக்கவும் போதாமல் இருக்கிறது. சராசரி இவ்விரண்டையும் கலந்து 60 என்று காட்டுகிறது.

நமது விவசாயிகளுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் சொல்லத் தேவையில்லை. மேட்டூர் அணையின் மதகு திறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு நாகை மாவட்டத்து விவசாயி நிம்மதி அடைந்துவிடுவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்த நாளையே அவர் கணக்கில் கொள்கிறார். ஏரிப் பாசனத்திலும் மதகடி வயல் பச்சையாக இருப்பதைக் கொண்டு எவரும் பாசனம் சிறப்பு என்று சொல்லமாட்டார். கடைமடை வயலின் வரப்பில் நின்று பார்த்த பிறகே சொல்லுவார். வயலுக்கு நாம் கையாளும் இந்த நியாயத்தை வீட்டுக் குழாய்க்கும் கையாளவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். சேவையின் தரம் என்பது அதில் மிகக் குறைவாகப் பெறுபவருக்குக் கிடைக்கும் அளவாகும்.

இதில் மற்றோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டியுள்ளது. குழாயின் கடைசியில் இருப்பவர் யார்? பல ஊர்களில் அது ஆதிதிராவிடர் குடியிருப்பாகவோ, புதிதாகப் பட்டா பெற்றுக் குடியேறிய ஏழைகளின் தெருவாகவோ இருக்கிறது. தொட்டி ஊரின் நடுவில் எழுகிறது. குழாய் அங்கிருந்து புறப்பட்டுக் கடைசியில் அவர்களிடம் போய்ச் சேருகிறது. சராசரியால் மறைக்கப்படும் குறை அவர்களுடைய குறையாகவே இருந்துவிடுகிறது. கிராம சபையில் அவர்கள் பின் வரிசையில் நிற்பதால் அவர்களுடைய குரலும் எளிதில் எட்டுவதில்லை. வாளியும் கடிகாரமும் காட்டும் எண்ணை எவரும் குரல் உயர்த்திச் சொல்ல வேண்டியதில்லை. தாளில் எழுதி வாசித்தால் போதும்.

அளக்கும் வேலையை யார் செய்வது என்பது முக்கியமான கேள்வி. தொட்டி ஆபரேட்டரிடமே அதை ஒப்படைப்பது பொருந்தாது. தம் வேலைக்குத் தாமே மதிப்பெண் இடும் சங்கடத்தில் அவரை நிறுத்தலாகாது. அதிகாரிகளும் இதற்கு ஏற்றவர் அல்லர். நாம் ஜீப்பில் வந்து இறங்கும் நாளில் எல்லாக் குழாயிலும் நீர் பொங்கி வருவதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம். மகளிர் சுய உதவிக் குழுவினரே இப்பணிக்குப் பெரிதும் தகுந்தவர். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீரின் தரத்தைச் சோதிக்கும் பயிற்சி அளிக்கவும் ஜல் ஜீவன் இயக்கம் வழி செய்தது. ஊரில் பத்து வீட்டிற்கு ஒரு வீடும், அத்துடன் ஒவ்வொரு கிளைக் குழாயின் கடைசி வீடும் என்று தேர்ந்துகொண்டால், 250 வீடுள்ள ஊரில் முப்பது வீட்டிற்கு மேல் போகாது. மூன்று நாள் காலையில் முடிந்துவிடும்.

கேட்கும் கேள்வியிலும் கவனம் வேண்டும். “தண்ணீர் வசதி உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா?” என்று கேட்டால் நம் ஊரார் பெரும்பாலும் “ஏதோ வருதுங்க, பரவாயில்லைங்க” என்றுதான் பதில் சொல்வார்கள். வீட்டிற்கு வந்தவரின் மனம் நோகலாகாது என்னும் மரியாதை அதில் உண்டு. குறை சொன்னால் வருவதும் நின்றுவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. “இன்று காலை எத்தனை குடம் பிடித்தீர்கள்? எத்தனை மணிக்கு நீர் வந்தது? சென்ற வாரத்தில் எத்தனை நாள் வரவில்லை?” என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். அதையும் வீட்டுப் பெண்களிடமே கேட்கவேண்டும். திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆடவருக்குக் குடக் கணக்குத் தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கேட்பதைவிடப் பங்குனி, சித்திரையில் கேட்பதே பயன் தரும்.

திருப்தியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கு நீரின் தரம் வலுவான காரணம் ஆகும். குளோரின் கலந்த நீரில் மருந்து வாடை அடிக்கிறதென்று மக்கள் முகம் சுளிப்பர். ஆழ்துளைக் கிணற்று நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பதால் விரும்பிக் குடிப்பர். ஆனால் புளோரைடு என்னும் பொருளுக்குக் குடிநீரில் காணும் அளவில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை அது ஏற்கத்தக்கது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் குழந்தைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும். நாளடைவில் எலும்பும் மூட்டும் விறைத்துப் போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மக்கள் இத்துன்பத்தை நெடுநாள் அனுபவித்தவர்கள். அதை நீக்குவதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அம்மாவட்டங்களில் முன்னர் ஒருவர் வீடு வீடாகச் சென்று “நீர் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டிருந்தால், “நன்றாக இருக்கிறது” என்னும் பதிலே பல வீடுகளில் கிடைத்திருக்கும்.

ஆதலால் அளவோடு தரத்தையும் சோதித்தல் வேண்டும். ஊரிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை குளோரின் சோதனையாகும். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்த்து அரை மணி நேரம் கழித்து நீரை விடவேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த நீரில் சோதனைத் திரவத்தைச் சில துளிகள் விட்டால், குளோரின் இருக்குமாயின் நீர் மஞ்சளாக மாறும். சோதனைப் பெட்டியிலுள்ள நிற அட்டையுடன் ஒப்பிட்டு, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அறியலாம். நிறம் மாறவில்லையெனில், பவுடர் போடவில்லை அல்லது வழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை நீர் கலக்கிறது அல்லது பவுடர் வீரியம் இழந்துவிட்டது எனக் கொள்ளலாம். திறந்த மூட்டையில் ஈரக்காற்றுப் பட்டுக் கிடக்கும் பவுடரில் சுண்ணாம்பே மிஞ்சும். இரசாயனச் சோதனையை ஆண்டிற்கு ஒரு முறையும், கிருமிச் சோதனையை ஆண்டிற்கு இரு முறையும் ஆய்வுக்கூடத்தில் செய்விக்கவேண்டும். அதன் முடிவைக் கோப்பில் வைத்துக் கட்டிவிடாமல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவது நலம். தொட்டியைக் கழுவிய தேதியை அதன் தூணில் எழுதி வைக்கும் நல்ல வழக்கம் சில ஊராட்சிகளில் இருக்கிறது. எழுதிய தேதிக்கும் பார்க்கும் தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுவதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை!

குறையைக் கண்ட பின் அதன் காரணத்தைத் தேடவேண்டும். கடைசித் தெருவில் நீர் குறைவதற்கு எப்போதும் தொட்டி சிறியது என்பதே காரணமன்று. ஆயினும் புதிய தொட்டி வேண்டுமென்னும் தீர்மானமே முதலில் நிறைவேறிவிடுகிறது. கடைசித் தெரு மேட்டில் இருக்கலாம். பின்னர் சேர்த்த வீடுகளின் சுமையைப் பழைய சிறிய குழாய் தாங்காமல் இருக்கலாம். கேட் வால்வு துருப்பிடித்துப் பாதி மூடிய நிலையில் நிற்கலாம். இவற்றினும் அதிகமாக நாம் காண்பது, வழியிலுள்ள வீடுகளில் குழாயோடு மின் மோட்டாரை நேராக இணைத்து நீரை உறிஞ்சும் வழக்கமாகும். மோட்டார்களை அகற்றவேண்டுமென்னும் தீர்மானத்தை முன்மொழிபவரின் வீட்டிலேயே ஒரு மோட்டார் இருப்பதும் உண்டு. அதை அவர் முதலில் கழற்றி வைத்தால் மற்றவை கழலும். தெருக்களை இரண்டு மூன்று பிரிவாக்கி, வால்வைத் திருப்பி, முறை வைத்து நீர் விடுவது செலவில்லாத பரிகாரம். ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய ஊரில் இது கடினமாகாது.

மற்றைய சேவைகளுக்கும் இந்நெறியே பொருந்தும். நியாய விலைக் கடையில் ரசீதில் கண்ட எடையும் பையிலுள்ள எடையும் ஒன்றா என்று பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். கிராம சுகாதார செவிலியர் வரும் நாளில் வந்தாரா, வேண்டிய மருந்து கையிருப்பில் இருந்ததா என்று குறித்து வைக்கலாம். கால்நடை மருந்தகத்திற்குப் பசுவை ஓட்டிச் சென்றவர் எத்தனை நாழிகை காத்திருந்தார் என்பதும், சான்றிதழுக்கு விண்ணப்பித்தவருக்கு அது எத்தனை நாளில் கைக்கு வந்தது என்பதும் எண்ணால் எழுதத்தக்கவையே. தெருவிளக்கை அமாவாசையன்று எண்ணவேண்டும்.

இவ்வாறு திரட்டிய எண்கள் பலர் முன்னிலையில் வாசிக்கப்படும்போதுதான் பலன் தருகின்றன. ராஜஸ்தானத்தில் பாலி மாவட்டத்தைச் சேர்ந்த கோட்கிரானா என்னும் ஊரில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் அமைப்பினர் மக்களைக் கூட்டி, அரசு வேலைகளின் கணக்குகளை உரக்க வாசித்தனர். காகிதத்தில் கண்ட வேலையையும் ஊரில் நடந்த வேலையையும் கேட்டவர்களே அங்கேயே ஒப்பிட்டுக் கூறினர். அவ்வியக்கம் பரவி, பிறவற்றோடு சேர்ந்து, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. இன்று ஊராட்சியின் கணக்கைக் கேட்டு எழுதும் எவருக்கும் 30 நாளில் பதில் தரவேண்டியது சட்டக் கடமை. அதே 1994-இல் பெங்களூரில் சாமுவேல் பால் என்னும் அறிஞரின் முயற்சியால், நகரத்தின் குடிநீர், மின்சாரம் முதலிய சேவைகளுக்கு மக்களின் அனுபவத்தைக் கொண்டு மதிப்பெண் அட்டை தயாரித்து வெளியிட்டனர். அதை 1999-இலும் 2003-இலும் மறுபடி எடுத்தனர். மூன்றாம் முறை நிலைமை கணிசமாக மேம்பட்டிருந்தது. ஒரு முறை அளந்து விட்டுவிட்டிருந்தால் அது செய்தியாக மட்டும் நின்றிருக்கும் என்று கருதுகிறோம்.

நமது மாநிலத்தில் மறுபடி அளப்பதற்கு ஏற்ற நாட்கள் தாமே அமைந்திருக்கின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்த கிராம சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-லும் கூடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் பதவியில் இருப்பினும் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பினும் சபைக்கு உரிமை ஒன்றே. மார்ச் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் முப்பது வீடுகளின் குடக் கணக்கை எடுத்து, 22-ஆம் நாள் சபையில் தெரு வாரியாக வாசிக்கலாம். ஒவ்வொரு குறைக்கும் நேரே அதை நீக்க வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டும். “ஆவன செய்யப்படும்” என்னும் சொற்றொடரைத் தீர்மானத்தில் இடம்பெற விடலாகாது. அங்கிருந்து மே 1-க்கு நாற்பது நாள். வால்வைப் பழுது பார்க்கவும், மோட்டார்களை அகற்றவும், முறை வைத்து நீர் விடவும் அது போதும். குழாயை மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்கு மதிப்பீடு தயாரித்து ஒன்றியத்திற்கு அனுப்பவும் போதும்.

மே 1-க்கு முந்தைய வாரத்தில் அதே பெண்கள் அதே வாளியுடன் அதே வீடுகளுக்குச் செல்லவேண்டும்; வீடுகளை மாற்றினால் ஒப்பிட இயலாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தாளின் ஒரு பிரதியை ஊராட்சிச் செயலர் ஒன்றிய அலுவலகத்திற்கு அனுப்பி வைப்பாராயின், குழாயின் நீளத்தைக் கூறும் அறிக்கையோடு அதனையும் இணைத்துக் கொள்வோம். அத்தாளில் கடைசித் தெருவின் எண் முதல் வரியில் இருக்கட்டும்.